பாதிப் பாட்டை அடுத்தவருக்கு விட்டுவையுங்கள்: கேலிப் பாட்டு வீடியோ மீம் ஆகும் வழி

ஊரறிந்த மெட்டில் வேடிக்கையாக வேறு வரி போட்டு முதன்முதலில் நான் செய்த கேலிப் பாட்டு வீடியோ 4 நிமிடம் 18 விநாடி ஓடியது. பல்லவி, இரண்டு சரணம், இடையிசை வரும் இடத்தில்கூட ஒரு நகைச்சுவைக் காட்சி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மூன்று வார வேலை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், ‘செம’ என்று கமெண்ட் போட்டார்கள், போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அடுத்த பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பாடிய நண்பனுக்கு உச்சஸ்தாயியில் குரல் பிசிறியது. அவன் பதறவில்லை. மெட்டு அதன்பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, பேச்சுக் குரலில் “சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டான். அந்த 11 விநாடித் துண்டை விளையாட்டாகப் போட்டுவைத்தேன். முகம் தெரியாதவர்களெல்லாம் அந்த ஒலியை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஜிம் வாசல் வரை போய்த் திரும்பினார். ஒருவர் பரீட்சைக்கு முந்தைய இரவு புத்தகத்தைத் திறந்த வேகத்தில் மூடினார். ஒருவருடைய நாய் குளிக்கும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே நடந்தது.

முதல் பாட்டில் அடுத்தவர் செய்வதற்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டாவதில் பாதி வேலை பாக்கி இருந்தது. அந்தப் பாதியை எப்படி வேண்டுமென்றே பாக்கி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பாட்டெழுதத் தெரியாதவர்களும் எடிட்டிங் பழகாதவர்களும் பின்தொடரும்படியே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: வைரல் வேறு, மீம் வேறு

ஒரே வீடியோவை லட்சம் பேர் பார்த்தால் அது வைரல். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நூறு பேர் தங்கள் கைவரிசையைக் காட்டினால் அது மீம். பார்வை எண்ணிக்கை சொற்பமாக இருந்தும் மீம் ஆனவை உண்டு. கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டும் யாரும் தொடாதவை அதைவிட நிறைய உண்டு.

‘மீம்’ என்ற சொல்லை உண்டாக்கியவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். 1976ல், இணையம் வீடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு, ‘போலச் செய்யப்படுவது’ என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைச் சுருக்கி, ‘ஜீன்’ என்பதோடு ஒலி பொருந்துகிற மாதிரி வைத்தார். ஆக, பார்த்துச் செய்வது என்பது அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. பார்த்து ரசிப்பது அதில் இல்லை.

லிமோர் ஷிஃப்மன் என்ற ஆய்வாளர் 2012ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். யூடியூபில் அதிகமாகப் போலச் செய்யப்பட்ட 30 வீடியோக்களை எடுத்து, அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஆறு விஷயங்கள் தேறின: சாதாரண மனிதர்கள், ‘ஆம்பளை’ என்று சமூகம் போட்டுவைத்த அச்சில் அடங்காத ஆண்கள், நகைச்சுவை, எளிமை, திரும்பத் திரும்ப வருவது, கொஞ்சம் கிறுக்குத்தனம். நல்ல கேமரா, நல்ல குரல், நல்ல நடிப்பு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. எளிமையாக இருப்பதைப் பார்த்தால்தான் ‘இதை நாமும் செய்யலாமே’ என்று கை துறுதுறுக்கும். மெருகு ஏறிய வீடியோ பார்க்கிறவரை ரசிகராக உட்கார வைத்துவிடும்.

முதல் படி: பாட்டைப் பிடிப்பது

உங்களுக்குப் பிடித்த பாட்டை எடுக்காதீர்கள். ஊருக்கே தெரிந்த பாட்டை எடுங்கள். இரண்டும் ஒன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம்.

ஒரு சோதனை இருக்கிறது. வார்த்தையே இல்லாமல் மெட்டை மட்டும் முணுமுணுத்துக் காட்டுங்கள், மூன்று வெவ்வேறு வயதுக்காரர்களிடம். மூன்று பேரும் இரண்டு மூன்று விநாடிக்குள் கண்டுபிடித்தால் அதுதான் உங்கள் பாட்டு. ஒருவர் யோசித்தால்கூட விட்டுவிடுங்கள். கேட்பவர் மனதில் மூலப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால்தான் நீங்கள் மாற்றிய வார்த்தைக்குச் சிரிப்பு வரும். மூலம் தெரியாதவருக்கு அது வெறும் சுமாரான புதுப் பாட்டு.

வேகமும் முக்கியம். அவசர அவசரமாக வார்த்தை கொட்டும் பாட்டு சவாலாகத் தோன்றும். ஆனால் புது வரி கேட்பவர் காதில் ஏறாது. நிதானமான நடை, சின்னச் சின்ன வரி, நாலு முறையாவது திரும்பி வரும் பல்லவி, இவை இருந்தால் போதும். 2011 நவம்பரில் வெளிவந்த ‘வொய் திஸ் கொலவெறி டி’ பாட்டுக்கு அத்தனை மாற்று வடிவங்கள் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏறக்குறைய பேச்சு மாதிரியான பாட்டு. குரல் வளம் இல்லாதவரும் பாடிவிடலாம். தவிர, அந்த ஒற்றைக் கேள்வி யாருடைய எந்தக் குறைக்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: எதைப் பற்றி?

இதற்கு நான் வைத்திருக்கும் விதி சின்னது. பாட்டு எவ்வளவு உருக்கமோ, விஷயம் அவ்வளவு அற்பமாக இருக்க வேண்டும். பிரிவுத் துயரத்தில் நெஞ்சு வெடிக்கும் மெட்டில், சார்ஜ் ஒரு சதவீதத்துக்கு வந்த போனைப் பற்றிப் பாடுங்கள். வீர முழக்க மெட்டில், பாஸ்வேர்டை மூன்றாவது முறை தவறாக அடித்தவரைப் பற்றிப் பாடுங்கள். மெட்டு ஒரு பக்கம் இழுக்க, விஷயம் இன்னொரு பக்கம் இழுக்கும். அந்த இழுபறிதான் சிரிப்பு. ஏற்கெனவே வேடிக்கையாக இருக்கும் பாட்டை எடுத்துக் கேலி செய்வது, கிச்சுகிச்சு மூட்டப்பட்டவரையே மறுபடி மூட்டுவது மாதிரி. அவர் களைத்துப்போயிருப்பார்.

விஷயத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ‘வேலை நேரத்தில் தூங்கி விழுபவன்.’ அவ்வளவு. ‘வேலை நேரத்தில் தூங்குபவன், அவன் மேலாளர், அவர்களுக்குள் முன்பு நடந்த ஒரு சண்டை’ என்றால் அது நாடகம், கேலிப் பாட்டு அல்ல.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தன்னையே கேலி செய்துகொள்ளும் பாட்டுதான் நெடுதூரம் போகிறது. ஒழுக்கம் கருதி மட்டும் இதைச் சொல்லவில்லை, காரியத்துக்கும் அதுதான் உதவும். ‘நான் ஒரு சோம்பேறி’ என்ற பாட்டை எவரும் எடுத்துத் தன் வாயில் பொருத்திக்கொள்ளலாம். ‘இன்னார் ஒரு சோம்பேறி’ என்ற பாட்டை அந்த இன்னாரைத் தெரிந்தவர்கள் மட்டுமே பகிர்வார்கள், அதையும் கொஞ்சம் பயந்துகொண்டே.

மூன்றாம் படி: தத்தகாரம்

இதில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். கேலிப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சொதப்புகின்றன.

மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவர்கள் முதலில் தத்தகாரத்தை வாங்கிக்கொள்வார்கள். ‘தானன தானன’ என்று இசையமைப்பாளர் பாடிக் காட்டுவது. எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது, எங்கே மூச்சு விடுகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும். நீங்களும் அதையே செய்யுங்கள். மூலப் பாட்டின் வார்த்தைகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் தானனாவில் எழுதி வையுங்கள்.

உதாரணத்துக்கு யாருடைய பாட்டையும் எடுக்காமல், பழைய காதல் பாட்டுச் சாயலில் நானே ஒரு வரியை இட்டுக்கட்டிக்கொள்கிறேன்:

மாலையில் சோலையில் பார்த்தேனே

தத்தகாரம்: தானன தானன தானானா. ஒன்பது அசைவுகள் (மா-லை-யில் என்று ஒவ்வொரு ஒலித்துண்டும் ஒரு அசைவு). மும்மூன்றாகப் பிரிகின்றன.

இப்போது வேலை நேரத்தில் தூங்கியவனின் கதை. முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

ஆன்லைன் கூட்டத்தில் உறங்கிவிட்டேன்

வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். இடறும். பத்து அசைவு இருக்கிறது. அதோடு, முதல் மூன்று அசைவுக்குள் ‘ஆன்லைன் கூட்’ என்று வார்த்தை பாதியில் வெட்டுப்படுகிறது. பாடுகிறவர் மூச்சைப் பிடித்துத் திணிப்பார், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘உறங்கிவிட்டேன்’ என்று வாழ்க்கையில் யாரும் சொல்வதுமில்லை.

இரண்டாவது முயற்சி:

மீட்டிங்கில் தூங்கியே மாட்டிட்டேன்

அளவு சரியாக உட்கார்ந்துவிட்டது. மீட்டிங், மாட்டிட்டேன் இரண்டிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பதால் எதுகையும் தானாக அமைந்துவிட்டது. மீ, மா என்று ஒரே மெய்யில் தொடங்குவதால் மோனை மாதிரியும் ஒலிக்கிறது. தமிழாசிரியர் அதைச் சரியான மோனை என்று ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் பாட்டைக் கேட்பது அவர் காது மட்டும் இல்லை. இந்த வரி பாடக்கூடியது, சிரிக்கக்கூடியது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

இன்னும் ஒரு சுற்று போங்கள்:

காலையில் வேலையில் சாய்ந்தேனே

இப்போது என்ன நடந்தது? மாலையில், காலையில். சோலையில், வேலையில். பார்த்தேனே, சாய்ந்தேனே. மூல வரி அப்படியே உள்ளே கேட்கிறது. காதலன் சோலைக்கு வரப்போகிறான் என்று மனம் தயாராக இருக்கும்போது ஒருவன் மேசையில் தலை சாய்க்கிறான். இந்த மூன்றாவது வரிக்குக் கிடைக்கும் சிரிப்பு இரண்டாவதற்குக் கிடைக்காது. மூலத்தின் ஒலியை எவ்வளவுக்கு ஒட்டி நடக்கிறீர்களோ, பொருளில் அவ்வளவு தூரம் தாவலாம்.

எல்லா வரியையும் இப்படி இழைக்க வேண்டாம், இழைக்கவும் முடியாது. பல்லவியின் முதல் வரியும் கடைசி வரியும் இப்படி அமைந்தால் போதும். நடுவில் வருபவை அளவு பிசகாமல் இருந்தால் சரி.

ஒலியை ஒட்டி நடப்பதன் உச்சம், ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் விடுவது. 2000ல் வந்த ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடிய ‘கல்லூரி வானில்’ பாட்டை, தமிழ் தெரியாத ஒருவர் பஃபலாக்ஸ் என்ற பெயரில் 2007ல் யூடியூபில் ஏற்றினார். பாட்டைத் தொடவில்லை, குரலைத் தொடவில்லை. தன் காதுக்கு ஆங்கிலமாக எப்படிக் கேட்டதோ அதைக் கீழே எழுத்தாக ஓடவிட்டார். ‘காய்ந்த நிலாவோ’ என்று முடியும் இடம் ‘பென்னி லாவா’ ஆகிவிட்டது. அந்த வீடியோவுக்கு அதுவே பெயராக நிலைத்தது. பிறகு ஆளாளுக்குத் தங்களுக்குப் புரியாத மொழிப் பாட்டுகளையெல்லாம் எடுத்து அதே மாதிரி வரி போடத் தொடங்கினார்கள். நமக்கு அந்தப் பாட்டு ஒழுங்காகப் புரியும் என்பதால் இரண்டு மடங்கு வேடிக்கை. இப்படித் தவறாகக் காதில் விழுவதற்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே உண்டு, ‘மாண்டிகிரீன்’. 1954ல் சில்வியா ரைட் என்ற எழுத்தாளர், சின்ன வயதில் தான் ஒரு பழம்பாடல் வரியைத் தவறாகக் கேட்டு, இல்லாத ஒரு சீமாட்டியைக் கற்பனை செய்துகொண்டிருந்ததைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் அது. பாடவே வராது என்பவர்கள் இந்த வழியில் தொடங்கலாம். எழுத்து போடத் தெரிந்தால் போதும்.

நான்காம் படி: குரலும் படமும்

ஒலியை முதலில் முடியுங்கள், படத்தைப் பிறகு எடுங்கள். நடித்துக்கொண்டே பாடிப் பதிவு செய்தால் இரண்டும் கெடும். கரோக்கி டிராக் (பாடகர் குரல் இல்லாத வெறும் இசை) உங்கள் குரலுக்கு எட்டாவிட்டால், எடிட்டிங் செயலியில் சுருதியை இரண்டு மூன்று படி இறக்கிக்கொள்ளுங்கள். பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டாம். துணி நிறைந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்துப் பாடுங்கள். எதிரொலி அடங்கிவிடும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி.

கலக்கும்போது குரல் தூக்கலாக இருக்கட்டும். பாட்டை ரசிக்க அல்ல, வார்த்தையைக் கேட்க வருகிறார்கள். ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்படாமல், போனின் ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமான இடத்தில் கேட்டுப் பாருங்கள். வார்த்தை புரியவில்லை என்றால் இசையை இன்னும் இறக்குங்கள்.

சீரியஸாகப் பாடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் கேட்பதில்லை. பாடிக்கொண்டே தானும் சிரிப்பவரைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வராது. உயிரே போகிற மாதிரி உருகி, ‘காலையில் வேலையில் சாய்ந்தேனே’ என்று பாடினால்தான் வேலை நடக்கும். குரல் பிசிறினாலும் பரவாயில்லை. என் கதையைத்தான் கேட்டீர்களே.

படத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனை நிமிர்த்திப் பிடியுங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முடித்த ஒலியைச் சத்தமாக ஓடவிட்டு அதற்கு வாயசையுங்கள். வரிகளைத் திரையில் பெரிதாக எழுத்தில் போடுங்கள். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் முதலில் பார்க்கிறார்கள். எழுத்தை அடி ஓரத்திலும் வலது ஓரத்திலும் போடாதீர்கள், செயலியின் பொத்தான்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

ஐந்தாம் படி: காலி இடம்

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல கேலிப் பாட்டு வீடியோ செய்வதற்கு. மீம் ஆவதற்கான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

2013 பிப்ரவரியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ‘ஹார்லெம் ஷேக்’ தெரிந்திருக்கும். ஏறக்குறைய 30 விநாடி. முதல் பாதியில் ஹெல்மெட்டோ முகமூடியோ போட்ட ஒருவர் மட்டும் ஆடுவார். சுற்றியிருப்பவர்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இசை திடுமென அதிரத் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு. அடுத்த நொடி அறை முழுக்க எல்லோரும் கண்டபடி ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த மாத நடுவில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இந்த மாதிரி வீடியோக்கள் ஏறின. தீயணைப்பு நிலையம், வகுப்பறை, நீச்சல் குளத்துக்கு அடியில் என்று விட்டுவைத்த இடமில்லை. அந்த மாதம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல் யூடியூப் பார்வைகளையும் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. பாட்டு நேராக முதலிடத்தில் நுழைந்தது.

அந்த அமைப்பைக் கழற்றிப் பாருங்கள். மாறாதவை மூன்று: பாட்டுத் துண்டு, வெட்டு விழும் இடம், முதலில் ஒருவர் பிறகு எல்லோரும் என்ற வரிசை. மாற்றிக்கொள்ள விட்டவை: இடம், ஆட்கள், உடை, ஆட்டம். ஆடத் தெரிய வேண்டியதில்லை, தெரியாமல் இருப்பதே நல்லது. ஒரே வெட்டு என்பதால் எடிட்டிங்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு மதிய இடைவேளையில் எடுத்து முடித்துவிடலாம்.

உங்கள் பாட்டிலும் இப்படி ஒரு கணக்குப் போடுங்கள். எது ஆணி அடித்தது, எது கழற்றி மாட்டக்கூடியது? ‘காலையில் வேலையில் சாய்ந்தேனே’ பாட்டில், வரி ஆணி அடித்தது. எங்கே சாய்கிறார் என்பது காலி இடம். நீங்கள் மேசையில் சாய்ந்தால் அடுத்தவர் நூலகத்தில் சாய்வார், இன்னொருவர் ஓடாத டிரெட்மில்லில் சாய்வார், குழந்தை சாப்பாட்டுத் தட்டில் சாயும். நீங்களே பத்து இடத்தில் சாய்ந்து காட்டிவிடாதீர்கள். முதல் வீடியோவில் நான் செய்த தவறு அதுதான். எனக்குத் தோன்றிய எல்லா நகைச்சுவையையும் நானே தீர்த்துவிட்டேன்.

ஒரே ஒரு இடம். முடிந்தால் இரண்டு, அதாவது இரண்டாவதைப் பார்த்ததும் ‘ஓ, இடத்தை மாற்றிக்கொண்டே போகலாம்’ என்று விளையாட்டின் விதி புரிகிற அளவுக்கு.

அப்புறம், துண்டு. நாலு நிமிடப் பாட்டாகச் செய்திருந்தாலும், 7 முதல் 15 விநாடிக்குள் தனியாக நிற்கக்கூடிய ஒரு துண்டை நீங்களே வெட்டி, தனி வீடியோவாகப் போடுங்கள். அந்தத் துண்டுக்கு ஒரு ஏற்றமும் ஒரு விழுதலும் இருக்க வேண்டும்: ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, பிறகு அது உடைவது. என் நண்பனின் துண்டில் உச்சஸ்தாயி ஏற்றம், ‘சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்’ விழுதல். அந்த விழுதலில் என்ன படம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் நாய்கூட நடிக்க முடிந்தது.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டும் 2020ல் வந்த பிறகு இந்த வேலை எளிதாகிவிட்டது. உங்கள் வீடியோவின் ஒலியை ஒரே தட்டலில் மற்றவர் எடுத்துத் தன் படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ரீமிக்ஸ் அனுமதி அணைந்திருக்கிறதா என்று அமைப்புகளில் ஒருமுறை பாருங்கள். அணைந்திருந்தால் இத்தனை பாடும் வீண். ‘அசல் ஒலி’ என்ற பொதுப்பெயரோடு விடாமல், ஒலிக்குப் பெயர் வைக்க இடமிருந்தால் ஜனங்கள் தேடும்போது அடிக்கக்கூடிய வார்த்தைகளையே வையுங்கள். அவர்கள் உங்கள் பாட்டின் அழகான தலைப்பைத் தேட மாட்டார்கள். ‘நாளைக்குப் பாத்துக்கலாம் சவுண்ட்’ என்றுதான் தேடுவார்கள்.

ஆறாம் படி: உரிமைச் சிக்கல்

பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு. மெட்டும் வரியும் ஒன்று. பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னொன்று. மூல ஆல்பத்தின் ஒலியை அப்படியே பின்னால் ஓடவிட்டுப் பாடினால் இரண்டிலும் கை வைக்கிறீர்கள். கரோக்கி டிராக் எடுத்தால் அதைச் செய்தவருக்கு அந்தப் பதிவில் உரிமை உண்டு. நீங்களே ஒரு கீபோர்டில் வாசித்துக்கொண்டால் மெட்டின் உரிமை மட்டும் மிச்சமிருக்கும்.

‘10 விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை’ என்று பலர் சொல்வார்கள். அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. கேலிக்கு இருக்கும் பாதுகாப்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994ல், 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் கேலிப் பாட்டு வழக்கில், காசுக்கு விற்கப்பட்டது என்பதாலேயே அது நியாயமான பயன்பாடு (உரிமையாளரைக் கேட்காமலே எடுத்தாளச் சட்டம் விடும் இடம்) இல்லை என்று ஆகிவிடாது என்றது. கூடவே ஒரு வேறுபாட்டையும் சொன்னது: மூலப் பாட்டையே கேலி செய்வது வேறு, மூலப் பாட்டை வாகனமாக வைத்துக்கொண்டு வேறெதையோ கேலி செய்வது வேறு. முன்னதற்கு வாதம் வலு. தூங்குமூஞ்சிப் பாட்டு பின்னதில் சேரும். கனடா 2012லும் பிரிட்டன் 2014லும் கேலியைச் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்தன. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விமர்சனம், மதிப்புரை போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாடு உண்டு, கேலி என்ற சொல் தனியாக இல்லை. அமெரிக்கக் கேலிப் பாடகர் ‘வியர்டு அல்’ யாங்கோவிக், சட்டப்படி தேவையில்லாத நிலையிலும் மூலக் கலைஞர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். காசு பண்ண நினைத்தால் நீங்களும் கேளுங்கள், அல்லது ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அன்றாடத்தில் நீங்கள் சந்திக்கப்போவது நீதிமன்றத்தை அல்ல, யூடியூபின் கன்டென்ட் ஐடியை. 2007 முதல் இருக்கும் ஏற்பாடு. ஏற்றப்படும் ஒலியை உரிமையாளர்கள் கொடுத்துவைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் மூன்றில் ஒன்று நடக்கலாம்: வீடியோ தடைபடும், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது சும்மா கணக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஹார்லெம் ஷேக் விஷயத்தில் பாட்டின் உரிமைக்காரர்கள் இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். வீடியோக்களை நீக்காமல், விளம்பரப் பங்கை வாங்கிக்கொண்டார்கள். புத்திசாலிகள். ‘உரிமைகோரல் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பயந்து வீடியோவை அழித்துவிடாதீர்கள். முதலில் திறந்து, மூன்றில் எது என்று படியுங்கள்.

படத்தில் இருப்பவர்களிடம் கேட்டீர்களா?

இதற்குப் படி எண் போடவில்லை. எல்லாப் படிக்கும் முன்னால் செய்ய வேண்டியது.

2003ல் கனடாவில் ஒரு பள்ளி மாணவன், தனியாகத் தனக்காக எடுத்துவைத்திருந்த வீடியோ ஒன்று அவன் அனுமதியில்லாமல் இணையத்துக்குப் போனது. கம்பை வாள் மாதிரி சுழற்றிக்கொண்டிருப்பான். ஜனங்கள் அதற்கு இசை சேர்த்தார்கள், ஒளிவாள் வரைந்தார்கள், விதவிதமாக மாற்றினார்கள். உலகம் சிரித்தது. அவன் பள்ளியில் கேலியும் துன்புறுத்தலும் தாங்க முடியாமல் அந்தப் பள்ளியைவிட்டே விலக வேண்டிவந்தது, வழக்கு வரை போனது. மாற்றிச் சேர்த்தவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஒரு சின்ன வேலைதான் செய்தார்கள்.

மீம் ஆன பிறகு உங்களால் எதையும் திரும்பப் பெற முடியாது. அதனால் பிசிறிய குரலுக்கு உரியவரிடம், “இதைப் போடப்போறேன், யார் வேணா எடுத்து என்ன வேணா பண்ணுவாங்க, சம்மதமா?” என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். ‘போடவா?’ என்று மட்டும் கேட்பது பத்தாது. என் நண்பன் ஒரு நாள் யோசித்துவிட்டு, குரல் மட்டும் போதும், முகம் வேண்டாம் என்றான். முகத்தை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். பின்னால் பார்த்தால் அதுவே நல்லதாகப் போயிற்று. முகம் இல்லாத குரலைத்தான் எல்லோரும் தங்கள் முகத்துக்கு ஒட்டிக்கொண்டார்கள். குழந்தைகள் இருந்தால் பெற்றோரிடம் கேட்டால் மட்டும் போதாது. நான் குழந்தைகளைப் படம் பிடிப்பதையே விட்டுவிட்டேன்.

ஏழாம் படி: போட்ட பிறகு

முதல் இரண்டு நாள் அநேகமாக ஒன்றும் நடக்காது. அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். என் துண்டு ஒன்பது நாள் சும்மாதான் கிடந்தது.

முதல் நகல்கள் தாமாக வர வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாலைந்து நண்பர்களிடம் சொல்லி, அவரவர் பாணியில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரே மாதிரி செய்யாமல், ஆளுக்கொரு இடத்தில். விளையாட்டு எப்படி ஆடுவது என்பது அதைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ‘இதை டிரெண்ட் ஆக்குவோம் நண்பர்களே’ என்று மட்டும் எழுதாதீர்கள். கெஞ்சுகிற இடத்திலிருந்து ஜனங்கள் நகர்ந்துவிடுவார்கள்.

யாராவது முன்பின் தெரியாதவர் உங்கள் ஒலியை எடுத்தால், போய்ப் பார்த்து ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் பகிருங்கள். முக்கியமாக, விதியை மீறிச் செய்தவரைப் பாராட்டுங்கள். ‘சாய்வதற்கு’ பதில் ஒருவர் வரியை மாற்றி ‘காலையில் வேலையில் ஓய்ந்தேனே’ என்று ராஜினாமாக் கடிதம் நீட்டினால், அது தவறல்ல. அங்கேதான் உங்கள் பாட்டுக்கு இரண்டாவது உயிர் வருகிறது. அதைப் போய்த் திருத்துகிறவர்களையும், ‘எனக்கு நன்றி சொல்லவில்லை’ என்று சண்டை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சண்டை தொடங்கிய மறுநாள் நகல் நின்றுவிடும்.

உங்கள் பெயர் காணாமல் போகும். இதற்குத் தயாராக இருங்கள். என் நண்பனின் குரலை அவனுக்கே ஒருவர் அனுப்பி, “இது செமயா இருக்குடா, கேட்டிருக்கியா?” என்றார். பெயர் நிற்க வேண்டுமானால் சண்டையைவிடச் சுலபமான வழி, மூல வீடியோவின் விளக்கத்தில் தேதியோடு இரண்டு வரி எழுதி வைப்பது: எப்போது, எங்கே, எப்படிப் பதிவானது. கதை தேடி வருகிறவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள்.

விளம்பரக் கம்பெனிகள் உங்கள் துண்டை வைத்து ரீல் போடத் தொடங்கிவிட்டால் மீம் ஓய்கிறது என்று அர்த்தம். ஹார்லெம் ஷேக்கே சில வாரங்களில் அடங்கிவிட்டது. இழுத்துப் பிடிக்க ‘பாகம் 2’ செய்யாதீர்கள். நான் செய்தேன். நண்பனை மறுபடி நிற்க வைத்து, வேண்டுமென்றே குரலை உடைக்கச் சொன்னேன். பதினான்கு முறை எடுத்தோம், ஒன்றுகூட இயல்பாக வரவில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. குரலும் இசையும் தனித்தனியாக இருக்கும் எடிட்டிங் கோப்பை அழிக்காமல் வையுங்கள். ஒரு நாள் எவராவது வந்து, ‘குரல் மட்டும் தனியாகக் கிடைக்குமா?’ என்று கேட்பார். என்னிடம் கேட்டபோது இடம் அடைக்கிறது என்று அழித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.